வளையும் சூரியசக்தித் தகடு: கரிம நானோகுழாய்க்கு என்ன வேலை?

சூரியசக்தி பற்றி ஒரு வகைச் செய்தி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. காகிதம்போல் சுருட்டக்கூடிய தகடு, முதுகுப்பையில் தைக்கக்கூடிய தகடு, வளைந்த சுவரில் ஒட்டக்கூடிய தகடு என்று படத்தோடு வரும். சிலவற்றில் ‘கரிம நானோகுழாயும் சிலிக்கானும் சேர்ந்த கலப்பினத் தகடு’ என்ற வரியும் இருக்கும். படிப்பவருக்கு அடுத்த கேள்வி தானாக எழும்: வீவக கூரைகளில் இன்று இருக்கும் கனமான கண்ணாடித் தகடுகளின் காலம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை என்பதே என் கணிப்பு. அதற்காக நானோகுழாய் வெறும் ஆய்வுக்கூட விளையாட்டு என்றும் நான் நினைக்கவில்லை. தலைப்புச் செய்தி அதற்குக் கொடுக்கும் வேலை ஒன்று, அது உண்மையில் செய்யக்கூடிய வேலை இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால், சூரியசக்தி விஷயத்தில் சிங்கப்பூர் எங்கே முட்டி நிற்கிறது என்பதும் புரியும்.

முதலில் நம் ஊர்க் கணக்கு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2021ல் அறிவிக்கப்பட்ட சிங்கப்பூர் பசுமைத் திட்டம் 2030, சூரியசக்திக்குக் குறைந்தது 2 கிகாவாட் இலக்கு வைத்தது. 2025க்கான 1.5 கிகாவாட் இலக்கை நாம் தாண்டிவிட்டோம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த 2 கிகாவாட்டும் 2030ன் மின்சாரத் தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டைத்தான் நிறைவுசெய்யும். கூரை, நீர்த்தேக்கம் என்று கிடைக்கும் இடத்தையெல்லாம் பயன்படுத்தினாலும் 2050ல் தேவையில் 10 விழுக்காடுதான் தேறும் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. 2035க்குள் வெளிநாடுகளிலிருந்து 6 கிகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை இறக்குமதி செய்ய எரிசக்திச் சந்தை ஆணையம் திட்டமிடுவது இதனால்தான்.

வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. இடத்துக்குத்தான் பஞ்சம். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021ல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியசக்திப் பண்ணையில் 122,000 தகடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய 45 காற்பந்துத் திடல்களின் பரப்பு. அத்தனை பெரிய பண்ணையின் கொள்ளளவு 60 மெகாவாட். 2 கிகாவாட்டுக்கு அப்படிப்பட்ட பண்ணைகள் முப்பதுக்குமேல் வேண்டும். எனவே, எடை தாங்காத பழைய தொழிற்சாலைத் தகரக் கூரை, பேருந்து நிறுத்தத்தின் வளைந்த மேற்கூரை, நடைபாதைக் கூரை, கட்டடச் சுவர் எனச் சாதாரணத் தகடு ஏற முடியாத இடங்களில் எல்லாம் ஏறக்கூடிய தகடு கிடைத்தால் நமக்கு அது சின்ன விஷயமல்ல. வளையும் தகட்டை நாம் கவனிக்க வேண்டிய காரணம் இங்கே இருக்கிறது, முதுகுப்பையில் அல்ல.

சுவரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றே வடக்கில் இருக்கிறோம். நண்பகல் வெயில் தலைக்கு நேர்மேலே இறங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் சுவருக்கு காலையிலும் மாலையிலும்தான் நல்ல ஒளி கிடைக்கும். ஐரோப்பியச் சுவர்களைக் காட்டும் விளம்பரப் படங்களை அப்படியே பொங்கோலுக்குக் கொண்டுவர முடியாது.

நானோகுழாய் என்ன செய்கிறது?

உயர்நிலைப் பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். சிலிக்கான் மீது ஒளி விழும்போது ஓர் எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டுக் கிளம்புகிறது. அது விட்டுச்சென்ற இடத்தைத் ‘துளை’ என்கிறோம். இரண்டும் மறுபடி சேர்ந்துவிட்டால் வெப்பம்தான் மிச்சம். சேருமுன் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறு பக்கமும் இழுத்துவிட்டால் மின்சாரம். அப்படி இழுப்பதற்கு இரு வேறு தன்மையுள்ள பொருள்கள் சந்திக்கும் ஓர் எல்லை வேண்டும். வழக்கமான முறையில், சிலிக்கானுக்குள் பாஸ்பரஸ் போன்ற தனிமத்தை 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் ஊடுருவவிட்டு அந்த எல்லையை உருவாக்குகிறார்கள்.

கரிம நானோகுழாய் என்பது ஓர் அணு தடிமனுள்ள கரிமத் தாளைச் சுருட்டியதுபோன்ற குழாய். சுமியோ இஜிமா என்ற ஜப்பானிய அறிவியலாளர் 1991ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன். இந்தக் குழாய்களை வலைபோல் மெல்லிய படலமாக்கிச் சிலிக்கான்மேல் விரித்தால், தொட்ட இடத்திலேயே அந்த எல்லை உருவாகிவிடுகிறது. துளைகளைப் பிரித்தெடுத்து வெளியே கொண்டுபோகும் கம்பி வேலையையும் அதே படலம் செய்கிறது. ஒளி உள்ளே போகவும் வழிவிடுகிறது. மூன்று வேலை, ஒரே படலம். அதற்கு 800 பாகை சூடும் தேவையில்லை. அறை வெப்பநிலையிலேயே படலத்தை மாற்றி ஒட்டலாம். சூடு தாங்காத பிளாஸ்டிக்கின்மேல் கலம் செய்ய நினைப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

இப்போது எண்கள். 2007ல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய ஆரம்பகாலக் கலம், விழுந்த ஒளியில் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டித்தான் மின்சாரமாக்கியது. 2011ல் நைட்ரிக் அமிலத்தால் படலத்தைப் பதப்படுத்தி 13.8 விழுக்காடு வரை போனார்கள். 2020ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்களும் சீனாவின் ஹெபெய் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த கலம் 19 விழுக்காட்டை நெருங்கியது. பதின்மூன்று ஆண்டுகளில் இந்த ஏற்றம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

ஆனால் கூர்ந்து பாருங்கள். அந்த உயர்ந்த எண்கள் வளையாத, சாதாரணத் தடிமனுள்ள படிகச் சிலிக்கானில் கிடைத்தவை. நன்றாக வளையும் மாதிரிகள் பலவற்றில் இருப்பது படிகமற்ற சிலிக்கான். பள்ளிக் கணிப்பானில் இருக்கிறதே, அந்த வகை. அது ஒளியை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். எனவே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனே போதும். ஆனால் திறன் குறைவு. வெயில்பட்ட முதல் சில மாதங்களில் அது மேலும் குறையும் என்பது 1977லேயே கண்டறியப்பட்ட குறை. ஆக ‘நானோகுழாய், சிலிக்கான், வளையும், அதிகத் திறன்’ ஆகிய நான்கு சொற்களும் ஒரே வரியில் வந்தாலும், நான்கும் ஒரே கலத்தில் இருக்கின்றன என்று பொருளல்ல.

சிலிக்கானே வளைந்துவிட்டது

இதற்கிடையில் யாரும் அதிகம் எதிர்பாராத ஒன்று நடந்தது. ‘சிலிக்கான் உடையும், வளையாது’ என்பதை வைத்துத்தானே மாற்றுப் பொருள்கள் களத்தில் இறங்கின? 2023ல் ஷாங்ஹாயிலுள்ள ஓர் ஆய்வுக் கழகத்தின் குழு ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தையே ஆட்டம்காண வைத்தது. ஒளியைப் பிடிப்பதற்காகச் சிலிக்கான் வில்லையின் மேற்பரப்பில் மிக நுண்ணிய பிரமிடு வடிவங்களைச் செதுக்குவது வழக்கம். வில்லையை வளைக்கும்போது விரிசல் எப்போதும் ஓரத்தில், அந்தப் பிரமிடுகளுக்கு நடுவிலுள்ள கூரான பள்ளத்தில்தான் தொடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். தீர்வு எளிமையானது: ஓரத்தில் மட்டும் அந்தக் கூர்மையை மழுக்கிவிட்டார்கள். ஏறத்தாழ 60 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள வில்லை காகிதம்போல் உருண்டது. திறன் 24 விழுக்காட்டுக்கு மேல். ஆயிரம் முறை வளைத்த பிறகும் திறன் குறையவில்லை.

அடுத்த ஆண்டே, 2024ல், லோங்கி நிறுவனம் தொடர்புடைய இன்னொரு குழு அதே சஞ்சிகையில் 57 மைக்ரோமீட்டர் தடிமனில் 26 விழுக்காட்டைத் தாண்டிய கலத்தைக் காட்டியது. சிலிக்கானால் தனியாக எட்டக்கூடிய கோட்பாட்டு உச்சமே ஏறத்தாழ 29.4 விழுக்காடுதான். இதைப் படித்தபோது நானோகுழாய் ஆய்வாளர்களுக்காக எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகவே இருந்தது. புதிய பொருள் கண்டுபிடித்துத் தாண்ட நினைத்த தடையை, பழைய பொருளின் ஓரத்தைத் தேய்த்தே தாண்டிவிட்டார்கள்.

சரி, சிலிக்கான் வளைகிறது. அப்படியானால் ஏன் கூரையில் இன்னும் கனமான, விறைப்பான தகடு? இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது.

சாதாரணத் தகடு ஒன்று ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர் பரப்பும் 20 கிலோ எடையும் உள்ளது. அதன் முகப்புக் கண்ணாடி 3.2 மில்லிமீட்டர் தடிமன். கண்ணாடியின் அடர்த்தியைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 8 கிலோ, தகட்டுக்கு 13 கிலோவுக்குமேல். சிலிக்கான் எவ்வளவு? 170 மைக்ரோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், முழுத் தகட்டிலும் ஒரு கிலோ தேறாது! மின்சாரம் தயாரிக்கும் பொருள் முக்கால் கிலோவுக்குள். அதைக் காப்பாற்றும் கண்ணாடி 13 கிலோ. கலத்தை எவ்வளவு மெலிதாக்கினாலும், வளைய வைத்தாலும், கண்ணாடி இருக்கும்வரை தகடு வளையாது, எடையும் குறையாது.

கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் படலம் போட்ட மெல்லிய தகடுகள் சந்தையில் இப்போதும் உண்டு. படகு, முகாம் வண்டி வைத்திருப்பவர்கள் வாங்குகிறார்கள். சிக்கல் ஆயுளில் வருகிறது. கண்ணாடி வழியே நீராவி புகாது. பிளாஸ்டிக் வழியே மெல்ல மெல்லப் புகும். புற ஊதாக் கதிர் பட்டுப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், அடுக்குகள் பிரியும். கண்ணாடித் தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் முகப்புக்கு அவ்வளவு துணிச்சலாக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அதுவும் ஆண்டு முழுவதும் புழுக்கமாக இருக்கும் நம் வட்டாரத்தில்.

அப்படியானால் எங்கே?

நானோகுழாயின் உண்மையான வாய்ப்பு, சிலிக்கானைத் தோற்கடிப்பதில் இல்லை. சிலிக்கான் கலத்தின் ஒரே ஒரு அடுக்கை மாற்றுவதில் இருக்கிறது. இன்றைய உயர்திறன் கலங்களில் ஒரு வகையின் மேற்பரப்பில் இண்டியம் தகர ஆக்சைடு போன்ற ஒளி புகும் மின்கடத்திப் பூச்சு இருக்கிறது. நம் கைப்பேசித் திரையிலும் அதே பொருள்தான். அதற்கு இரண்டு குறைகள். இண்டியம் தனியாகத் தோண்டி எடுக்கப்படும் உலோகம் அல்ல. பெரும்பாலும் துத்தநாக உற்பத்தியின் துணைப்பொருளாகக் கிடைப்பது. எனவே தேவை கூடினாலும் நினைத்தபடி உற்பத்தியைக் கூட்ட முடியாது. இரண்டாவது, அது பீங்கான்போல் நொறுங்கும் தன்மையுள்ளது. கலம் வளையலாம், அதன்மேல் உள்ள பூச்சு வெடித்துவிடும். நானோகுழாய் வலையோ வளைத்தாலும் அறுவதில்லை. கரிமத்துக்குத் தட்டுப்பாடும் இல்லை.

எளிதாகச் சொல்லிவிட்டேன், செய்வது எளிதல்ல. கொசுவலையை நினைத்துக்கொள்ளுங்கள். இழை நெருக்கமானால் கொசு வராது, காற்றும் வராது. நானோகுழாய்ப் படலத்தைத் தடிமனாக்கினால் மின்சாரம் நன்றாக ஓடும், ஆனால் ஒளி குறையும். மெலிதாக்கினால் ஒளி புகும், மின்தடை ஏறும். ஒரே ஒளிபுகும் அளவில் பார்த்தால் நல்ல இண்டியப் பூச்சைவிட நானோகுழாய்ப் படலத்தின் மின்தடை இன்னும் சில மடங்கு அதிகம். அதைக் குறைக்கத்தான் அமிலத்தில் நனைக்கிறார்கள். அந்த அமிலத்தின் விளைவு காலப்போக்கில் கரைந்துபோகிறது என்பது இத்துறையின் பழைய தலைவலி. அமிலத்தைப் படலத்துக்குள்ளேயே பிடித்துவைக்கும் பாலிமர்களோடு கலப்பது இப்போது முயற்சி செய்யப்படும் வழிகளுள் ஒன்று.

நானோகுழாய் இப்படி ‘துணை நடிகர்’ ஆவது இது முதன்முறையும் அல்ல. ஒரு காலத்தில் விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கயிறு என்றெல்லாம் பேசப்பட்ட பொருள் இது. இன்று டன் கணக்கில் அது எங்கே போகிறது தெரியுமா? மின்சார வாகனங்களின் லித்தியம் பேட்டரிக்குள், மின்முனையில் கலக்கும் சிறிதளவு சேர்க்கைப் பொருளாக. தென்கொரியாவின் எல்ஜி கெம் போன்ற நிறுவனங்கள் இதற்காகவே ஆலைகளை விரிவுபடுத்தின. விண்வெளிக் கயிறு வரவில்லை. வாகனத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. சூரியக் கலத்திலும் இதே பாதைதான் நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் சந்தை. 2024ல் சீன ஆலை வாசலில் சிலிக்கான் தகட்டின் விலை வாட்டுக்கு ஏறத்தாழ 10 அமெரிக்கக் காசு அளவுக்கு விழுந்தது. 400 வாட் தகடு 40 வெள்ளி, அமெரிக்கக் கணக்கில். உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் உலகக் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குமேல் சீனாவிடம் இருப்பதாக அனைத்துலக எரிசக்தி அமைப்பு 2022லேயே கூறியது. இந்த விலைக்கு எதிராக ஒரு புதிய பொருள் முழுத் தகடாகக் களமிறங்கிப் பிழைப்பது மிகக் கடினம். இருக்கும் உற்பத்தி வரிசையில் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னால்தான் ஆலை முதலாளி காதுகொடுத்துக் கேட்பார்.

பக்கத்து நாட்டுக்கு இது வெறும் கல்விசார் விவாதமும் அல்ல. பினாங்கு, கூச்சிங், கூலிம், சைபர்ஜெயா என மலேசியாவின் பல இடங்களில் சூரியக் கலம் அல்லது தகடு செய்யும் ஆலைகள் எழுந்தன. மலேசியா, தாய்லாந்து, வியட்னாம், கம்போடியா ஆகிய நான்கு நாடுகளிலிருந்து வரும் கலங்களுக்கும் தகடுகளுக்கும் எதிரான இறக்குமதி வரிகளை அமெரிக்கா 2025ல் உறுதிசெய்தது. பெரிய அளவில், மலிவாக, எல்லாரும் செய்யும் அதே தகட்டைச் செய்துகொண்டிருக்கும் ஆலைக்கு இப்படியொரு வரி வந்தால் ஒதுங்க இடமில்லை. எடை குறைந்த தகடு, வளைந்த கூரைக்கான தகடு போன்ற தனிச் சந்தைகள் சிறியவைதான். ஆனால் அங்கே போட்டி விலையில் மட்டும் இருக்காது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2008 முதல் இயங்கும் சூரியசக்தி ஆய்வுக் கழகம் ஒரு பக்கம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பல ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளர்கள் மறு பக்கம். இந்த இரண்டும் சேரும் இடமாக இதை நான் பார்க்கிறேன். நம் வயதினர் பலர் வேலை தேடப்போகும் களமும் இதுதான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில நீளமான நானோகுழாய்கள் எலிகளின் உடலில் ஆஸ்பெஸ்டாஸ் இழைபோல் நடந்துகொண்டதாக 2008ல் ஓர் ஆய்வு காட்டியது. 2014ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பல சுவர்க் குழாய்களில் ஒரு குறிப்பிட்ட வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. தகட்டுக்குள் அடைபட்ட படலத்தால் வீட்டில் இருப்பவருக்கு ஆபத்து என்று இதற்குப் பொருளல்ல. தூளைக் கையாளும் ஆலைத் தொழிலாளியும், 25 ஆண்டு கழித்துத் தகட்டை உடைக்கும் மறுசுழற்சித் தொழிலாளியும் மூச்சில் எதை இழுக்கிறார்கள் என்பதே கேள்வி. ‘பசுமை’ என்ற சொல் அவர்களையும் சேர்த்துத்தான்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் நான் முதலில் தேடப்போவது திறன் விழுக்காட்டை அல்ல. கலத்தின் பரப்பு எவ்வளவு? விரல்நகத்தைவிடச் சிறிய கலத்தில் கிடைத்த எண் கூரை அளவுக்கு வரும்போது சுருங்கும். எத்தனை முறை வளைத்தார்கள்? முகப்பில் கண்ணாடியா பிளாஸ்டிக்கா? இவற்றுக்கும் மேலாக, ஈரவெப்பச் சோதனையில் தேறியதா? 85 பாகை செல்சியஸ், 85 விழுக்காடு ஈரப்பதம், ஆயிரம் மணி நேரம் என்பது கூரைத் தகடுகளுக்கான அனைத்துலகச் சோதனை. நானோகுழாய்-சிலிக்கான் கலங்களின் கதையில் நான் இன்னும் தெளிவாகக் கேட்க விரும்பும் எண் அதுதான்.

பொறியியல் படிக்கும் எனக்கு இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேர்ந்தெடுக்கும் நேரம் நெருங்குகிறது. நானோகுழாய்ப் படலமும் சிலிக்கானும் தொடும் அந்த எல்லையில் ஈரம் என்ன செய்கிறது என்ற தலைப்பு பட்டியலில் இருந்தால், சாதனை விழுக்காடு பற்றிய தலைப்பை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன். வெப்பமும் ஈரப்பதமும் நம் புளோக் மாடியில் இலவசமாகவே கிடைக்கின்றன.